செருகத் தெரியும், உருவத் தெரியாது: லினக்ஸ் ஆட்டோமவுன்ட் பிறந்த கதை

லினக்ஸ் கணினியில் பென் டிரைவைச் செருகினால் ஓரிரு விநாடியில் அதன் பெயரோடு ஓர் ஐகான் வந்து நிற்கிறது. இன்று இதை யாரும் பெரிய விஷயமாக நினைப்பதில்லை. அந்த ஐகானை வரவழைக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் நிரலாளர்கள் மாறி மாறி உழைத்தார்கள். எழுதியதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினார்கள். அதன் பிறகும் புகார் ஓயவில்லை. மாணவர்களுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கப் போகும் இடங்களில் நான் அடிக்கடி கேட்கும் குறை இதுதான்: ‘காப்பி முடிந்துவிட்டது என்று காட்டியது சார். பிரவுசிங் சென்டரில் போய்ச் செருகினால் ஃபைல் திறக்கவில்லை.’

செருகும்போது வன்பொருளே லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தகவல் கொடுத்துவிடுகிறது. உருவப்போகிறோம் என்பதை முன்கூட்டிச் சொல்ல யூஎஸ்பி துளையில் எந்த ஏற்பாடும் இல்லை. கை உருவிய பிறகுதான் கெர்னலுக்கே தெரியும். ஆட்டோமவுன்ட் பட்ட பாடுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

கதை 1971-இல் தொடங்குகிறது. நியூ ஜெர்சியின் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸுக்கு அந்த ஆண்டு நவம்பரில் முதல் கையேடு வந்தது. மவுன்ட் கட்டளை அதிலேயே இருக்கிறது. கழற்றி மாட்டக்கூடிய ஒரு டிஸ்க் இன்ன சாதனத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கணினிக்கு அறிவிப்பதே அதன் வேலை என்று கையேடு சொல்கிறது. கழற்றி மாட்டுவது என்பது யுனிக்ஸுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை அப்படியல்ல. 1974 ஜூலையில் அவர்கள் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் கழற்றக்கூடிய கோப்பு முறைமைகளுக்கென்று தனிப் பகுதியே உண்டு. அவர்களுடைய பிடிபி-11 கணினியில் நான்கு டிரைவுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 25 லட்சம் பைட் கொள்ளும் கார்ட்ரிட்ஜை மாட்டலாம், எடுக்கலாம்.

வேகத்துக்காக யுனிக்ஸ் ஒன்று செய்தது. எழுதச் சொன்னதை உடனே டிஸ்கில் எழுதாமல் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கழித்து மொத்தமாக எழுதியது. சும்மா விட்டால் மறந்துவிடுமே என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் டிஸ்குக்குத் தள்ள ஒரு சிறு நிரல் பின்னணியில் ஓடியது. இதனால் கார்ட்ரிட்ஜை எடுப்பதற்கு முன் ‘எடுக்கப்போகிறேன்’ என்று சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் அன்மவுன்ட். பெல் லேப்ஸில் இது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. டிஸ்கை மாட்டுபவரும் கட்டளை அடிப்பவரும் ஒரே ஆள். அவருக்கு விதி தெரியும்.

இதே விதி இருபது ஆண்டு கழித்து வீட்டுக் கணினிக்குள் அப்படியே வந்து உட்கார்ந்தது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்லாக்வேர், ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் விநியோகம் ஒன்றை நிறுவியவர் ஒரு சிடியைப் பார்க்க வேண்டுமென்றால் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக நுழைந்து, சாதனத்தின் பெயர், கோப்பு முறைமையின் வகை, ஒட்டவேண்டிய ஃபோல்டர் மூன்றையும் சேர்த்து ஒரு நீளக் கட்டளை அடிக்க வேண்டும். எஃப்எஸ்டேப் என்ற அமைப்புக் கோப்பில் அந்தச் சிடி டிரைவுக்கான வரியில் ‘யூசர்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் சாதாரணப் பயனரும் மவுன்ட் செய்யலாம். அது ஒரு சலுகை.

சிடியை வெளியே எடுக்கும்போதுதான் மனிதர்கள் திகைத்தார்கள். மவுன்ட் ஆன சிடி டிரைவின் கதவை கெர்னல் பூட்டிவிடும். பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் தட்டு வெளியே வராது. டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, முகப்பில் இருக்கும் அவசரத் துளையில் பேப்பர் கிளிப்பைக் குத்தி எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அன்மவுன்ட் அடித்தாலும் ‘டிவைஸ் இஸ் பிஸி’ என்று மறுக்கும். யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லாது. பல நேரம் பிடித்துக்கொண்டிருப்பது, அந்தச் சிடி ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டிருக்கும் நம்முடைய டெர்மினலேதான்.

ஃப்ளாப்பியின் நிலை இதற்கு நேரெதிர். பீசியின் ஃப்ளாப்பி டிரைவில் டிஸ்க் உள்ளே போன செய்தியைக் கணினிக்குத் தானாகச் சொல்லும் வசதி கிடையாது. வெளியே தள்ளுவது வெறும் இயந்திரப் பொத்தான். அதைப் பூட்டவும் முடியாது. ஆப்பிள் 1984-இல் மாக்கிண்டாஷைக் கொண்டுவந்தபோது ஃப்ளாப்பி டிரைவில் பொத்தானே வைக்கவில்லை. மென்பொருளிடம் சொன்னால்தான் டிஸ்க் வெளியே வரும். விதியை வன்பொருளிலேயே செதுக்கிவிட்டார்கள். டாஸ் வேறு வழியில் போனது. ஏ டிரைவ் எப்போதும் ஏ டிரைவ்தான். மவுன்ட் என்ற பேச்சே இல்லை. லினக்ஸுக்குக் கிடைத்ததோ டாஸுக்காகச் செய்த வன்பொருள், யுனிக்ஸுக்காக எழுதிய விதி. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இந்தச் சண்டையே வேண்டாம் என்று எம்டூல்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு ஒதுங்கிப் போனது. ஃப்ளாப்பியை மவுன்ட் செய்யாமலே அதிலிருந்து ஃபைலை எடுக்கலாம், வைக்கலாம். பலர் அதையே பழகிக்கொண்டார்கள்.

தானாக மவுன்ட் ஆகவேண்டும் என்ற ஆசைக்கு முதலில் விடை தேடியவர்கள் கெர்னலுக்குள்ளேயே தேடினார்கள். பின்னாளில் இஎக்ஸ்டி3 கோப்பு முறைமையால் பெயர்பெற்ற ஸ்டீபன் ட்வீடி எழுதிய சூப்பர்மவுன்ட் அப்படிப்பட்டது. ஃப்ளாப்பிக்கான ஃபோல்டர் எப்போதும் மவுன்ட் ஆனதுபோலவே தோன்றும். யாராவது உள்ளே எட்டிப் பார்க்கும்போதுதான் உண்மையில் மவுன்ட் நடக்கும். கடைசி ஃபைலும் மூடியதும் தானாக அன்மவுன்ட் ஆகிவிடும். மாண்ட்ரேக் லினக்ஸ் இதை எடுத்துப் புதியவர்களுக்குக் கொடுத்தது. சூசே கொஞ்சகாலம் சப்மவுன்ட் என்ற அதன் உறவுக்கார நிரலை வைத்திருந்தது. ஏதாவது ஒரு ஜன்னல் ஒரு ஃபைலைத் திறந்தே வைத்திருந்தால் எல்லாம் குழம்பிவிடும். மாண்ட்ரேக்கை நிறுவியதும் முதல் வேலையாக சூப்பர்மவுன்டை அணைத்தவர்கள் ஏராளம். முதன்மைக் கெர்னலில் அது கடைசிவரை சேர்க்கப்படவில்லை.

ஆனாலும் சரியான கேள்வியைக் கேட்டது சூப்பர்மவுன்ட்தான் என்பது என் கருத்து. ‘எப்படி மவுன்ட் செய்வது’ என்று அது கேட்கவில்லை. ‘உருவினால் ஆபத்து என்ற நேரத்தை எவ்வளவு சுருக்கலாம்’ என்று கேட்டது. பிறகு வந்த பலர் இந்தக் கேள்வியையே மறந்துவிட்டார்கள்.

பிறகு வந்தது பென் டிரைவ். 2000-ஆம் ஆண்டு சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் தம்ப்டிரைவை விற்கத் தொடங்கியது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்த 8 எம்பி டிரைவை ஐபிஎம் விற்றது. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 கெர்னல் யூஎஸ்பியை நன்றாகவே புரிந்துகொண்டது. ஆனால் பென் டிரைவைப் பழைய ஸ்கசி டிஸ்காகவே பாவித்து, வந்த வரிசையில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வைத்தது. காலையில் எஸ்டிஏ. அன்மவுன்ட் செய்யாமல் உருவி, மறுபடி செருகினால் எஸ்டிபி, ஏனென்றால் பழைய பெயரை இன்னும் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எஃப்எஸ்டேபில் எஸ்டிஏ1 என்று எழுதிவைத்தவர் சாயங்காலம் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்தது யூடெவ். 2003-இல் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் அதை அறிமுகப்படுத்தினார். அந்த ஆண்டு டிசம்பரில் 2.6 கெர்னல் வந்தது. சாதனங்களுக்குப் பெயரிடும் பொறுப்பு கெர்னலுக்கு வெளியே, விதிக்கோப்புகளைப் படித்து நடக்கும் ஒரு நிரலுக்குப் போனது. டிஸ்கின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் யூயூஐடி என்ற அடையாள எண்ணைக் கொண்டே அதை அழைக்கலாம். எந்தத் துளையில் செருகினாலும் அது மாறாது.

அதே 2003 ஜூலையில் ரெட் ஹேட்டின் ஹேவக் பென்னிங்டன் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் செருகியவுடன் வேலை செய்ய வேண்டும். அதற்குக் கெர்னலுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவில் ஓர் அடுக்கு வேண்டும் என்றார். டேவிட் சோய்தன் அந்த அடுக்கை ஹால் என்ற பெயரில் எழுதினார். சிமியன் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் லவ், இந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து உடோபியா திட்டம் என்று பெயரிட்டு, க்னோம் டெஸ்க்டாப்புக்காக ஒரு வால்யூம் மேனேஜரை எழுதினார். கேமராவைச் செருகினால் படங்களை எடுக்கட்டுமா என்று கேட்கும் ஜன்னல், சிடியைப் போட்டால் பாட ஆரம்பிக்கும் பிளேயர், எல்லாம் அந்தக் காலத்துப் பிள்ளைகள்தான். 2004-இன் இறுதிக்குள் ஃபெடோராவிலும் அப்போதுதான் பிறந்த உபுண்டுவிலும் பென் டிரைவ் தானாக வந்து நின்றது. ஆட்டோமவுன்டுக்குப் பிறந்தநாள் குறிக்க வேண்டுமென்றால் அந்த ஒன்றரை ஆண்டைத்தான் குறிக்க வேண்டும்.

மவுன்ட் செய்ய ரூட் அதிகாரம் வேண்டும். பென் டிரைவைச் செருகுபவர் ரூட் அல்ல. இதற்கு ஆளுக்கொரு வழி கண்டார்கள். ஃபெடோரா கோர் 3-இல் ஹால் தானாகவே எஃப்எஸ்டேபில் வரிகளைச் சேர்த்தது, நீக்கியது. கையால் பார்த்துப் பார்த்து எழுதிவைத்த கோப்பில் ஒரு நிரல் வந்து கிறுக்குவதை எந்த நிர்வாகி பொறுப்பார்? அது நீடிக்கவில்லை. டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் மார்ட்டின் பிட் எழுதிய பிமவுன்ட், கழற்றக்கூடிய சாதனங்களுக்கு மட்டும் கதவைத் திறக்கும் ஒரு சிறு நிரல். அடக்கமாக, கச்சிதமாக இருந்தது.

ஹாலுக்கு வயிறு பெருத்தது. பேட்டரி, கீபோர்டு, வெப்கேம் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டது. சிடி டிரைவில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று இரண்டு விநாடிக்கு ஒருமுறை எழுந்து பார்த்தது. 2007-இல் இன்டெல் வெளியிட்ட பவர்டாப், மடிக்கணினியைத் தூங்கவிடாமல் எழுப்புவது யார் என்று பட்டியல் போட்டுக் காட்டியபோது ஹாலின் பெயரும் அதில் இருந்தது. அந்தக் கண்காணிப்பைக் கெர்னல் தானே எடுத்துக்கொள்ள 2011 வரை ஆனது. அதற்குள் சோய்தனே ஹாலைக் கைவிட்டுவிட்டு, டிஸ்குகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் யூடிஸ்க்ஸை எழுதியிருந்தார். இன்று நம் கணினியில் ஓடுவது அதன் இரண்டாம் தலைமுறை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால், அதைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வரலாறுதான்.

இப்போது செருகும் அந்த இரண்டு விநாடிக்குள் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். கெர்னல் ‘புது டிஸ்க் வந்திருக்கிறது’ என்று ஒரு செய்தியை எறிகிறது. யூடெவ் அதைப் பிடித்து, டிஸ்கின் முதல் பகுதிகளைப் படித்து, ஃபேட்டா, என்டிஎஃப்எஸ்ஸா, லேபிள் என்ன, யூயூஐடி என்ன என்று குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பை யூடிஸ்க்ஸ் எடுத்து, டி-பஸ் என்ற பொதுத் தபால்தடத்தில் அறிவிக்கிறது. க்னோமின் ஜிவிஎஃப்எஸ் அதைக் கேட்டு ‘இதை மவுன்ட் செய்’ என்று திரும்ப யூடிஸ்க்ஸிடமே விண்ணப்பிக்கிறது. யூடிஸ்க்ஸ் போல்கிட் என்ற அனுமதி அதிகாரியிடம் கேட்கிறது: கேட்பவர் இந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரா? செருகியது கழற்றக்கூடிய டிஸ்கா, அல்லது உள்ளேயே இருப்பதா? உள்ளே இருப்பது என்றால் கடவுச்சொல் கேட்கும். எல்லாம் சரியென்றால் யூடிஸ்க்ஸ் பயனர் பெயரில் ஃபோல்டர் உருவாக்கி, அந்த டிஸ்கில் இருக்கும் எந்த நிரலும் ரூட் அதிகாரம் பெறாதபடி கட்டுப்பாடுகளை இட்டு மவுன்ட் செய்கிறது. பிறகுதான் ஐகான்.

இந்தச் சங்கிலியை நான் மதிக்கிறேன். ஒவ்வொரு கண்ணிக்கும் காரணம் உண்டு. எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. திரையில் ‘மவுன்ட் செய்ய முடியவில்லை’ என்ற ஒற்றை வரி வரும். ஐந்து பேரில் யார் மறுத்தார் என்று வராது.

டிஸ்கில் இருக்கும் நிரல் ரூட் அதிகாரம் பெறாதபடி இடும் அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு முக்கியம் என்பதை 2025 ஜூன் காட்டியது. யூடிஸ்க்ஸுக்குப் பின்னால் வேலை செய்யும் லிப்பிளாக்டெவ் என்ற நூலகம், எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையின் அளவை மாற்றும்போது அதைத் தற்காலிகமாக மவுன்ட் செய்கிறது. அந்த ஓர் இடத்தில் மட்டும் கட்டுப்பாட்டைப் போட மறந்திருந்தார்கள். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் சாதாரணப் பயனர் அதைக்கொண்டு ரூட் ஆகிவிடலாம் என்று குவாலிஸ் நிறுவனம் கண்டுபிடித்து வெளியிட்டது. அவசரமாகத் திருத்தினார்கள்.

அதற்கு முன்பே 2011 ஜனவரியில் ஐபிஎம் எக்ஸ்-ஃபோர்ஸின் ஜான் லாரிமர், ஷ்மூகான் மாநாட்டில் இன்னொன்றைக் காட்டியிருந்தார். திரை பூட்டியிருக்கும் உபுண்டுவில் பென் டிரைவைச் செருகினால் அது மவுன்ட் ஆகும், ஃபோல்டர் திறக்கும், ஃபைல்களுக்குச் சிறு முன்னோட்டப் படம் தயாராகும். அந்தப் படத்தைத் தயாரிக்கும் நிரலில் ஒரு பிழை இருந்தால் போதும், பூட்டிய திரையைத் திறந்துவிடலாம். விண்டோஸில் யூஎஸ்பி ஆட்டோரன்னை மைக்ரோசாஃப்ட் அப்டேட் மூலம் அணைத்ததும் அடுத்த மாதம்தான். இன்று க்னோம், திரை பூட்டியிருக்கும்போது எதையும் மவுன்ட் செய்வதில்லை. ‘திரையைப் பூட்டிவிட்டுப் போனேன், பேக்கப் டிஸ்கைச் செருகினேன், வரவில்லை’ என்று யாராவது குறைபட்டால் காரணம் இதுதான். அந்தத் தொந்தரவு நியாயமானது.

நியாயமில்லாத தொந்தரவு காப்பியில்தான் இருக்கிறது. பெல் லேப்ஸ் காலத்து வழக்கப்படி லினக்ஸ் இன்றும் எழுதுவதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு டிஸ்குக்கு அனுப்புகிறது. காத்திருக்கும் தரவு கைவசமுள்ள நினைவகத்தில் 20 சதவீதத்தை எட்டும்வரை எழுதும் நிரலை அது தடுப்பதில்லை. சில எம்பி நினைவகம் இருந்த காலத்தில் 20 சதவீதம் என்பது ஒன்றுமேயில்லை. 16 ஜிபி கணினியில் அது ஏறக்குறைய 3 ஜிபி. விநாடிக்கு 8 எம்பி எழுதும் மலிவான பென் டிரைவில் அந்த 3 ஜிபி இறங்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். திரையிலோ பச்சைப் பட்டை சட்டென்று ஓடி ‘முடிந்தது’ என்று சொல்லிவிடும். முடிந்தது நினைவகத்துக்கான காப்பி. பென் டிரைவுக்கான காப்பி அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

விவரம் தெரியாதவர் அந்த நொடியில் உருவிவிடுகிறார். விவரம் தெரிந்தவர் எஜெக்ட் அமுக்கிவிட்டு, ‘எழுதிக்கொண்டிருக்கிறது, எடுக்காதீர்கள்’ என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்கிறார். எவ்வளவு பாக்கி என்று காட்டும் பட்டை அங்கே கிடையாது. காட்ட வேண்டிய இடத்தில் காட்டாமல், தேவையற்ற இடத்தில் காட்டியாகிவிட்டது. 2013-இல் கெர்னல் நிரலாளர்கள் இதைப் பற்றி நீளமாக விவாதித்தார்கள். சதவீதக் கணக்கு காலத்துக்கு ஒவ்வாதது என்று டோர்வால்ட்ஸே ஒப்புக்கொண்டார். ஆனால் வரம்பைக் குறைத்தால் பெரிய சர்வர்களின் வேகம் குறையுமே என்ற அச்சத்தில் பொது அளவு அப்படியே நின்றுவிட்டது.

இதற்கு முன்பும் முயற்சிகள் நடந்தன. ‘சிங்க்’ என்ற விருப்பத்தோடு மவுன்ட் செய்தால் ஒவ்வொன்றும் உடனுக்குடன் டிஸ்கில் எழுதப்படும். 2005-இல் வந்த 2.6.12 கெர்னலில் ஃபேட் கோப்பு முறைமை இந்த விருப்பத்தை உண்மையாகவே மதிக்கத் தொடங்கியது. விளைவு மோசம். ஒவ்வொரு துண்டுக்கும் ஃபேட் அட்டவணை திருத்தி எழுதப்பட்டது, காப்பி ஊர்ந்தது, ஃப்ளாஷ் நினைவகத்தில் ஒரே இடத்தை மறுபடி மறுபடி எழுதுவதால் டிரைவே தேய்கிறது என்று எச்சரிக்கைகள் வந்தன. அடுத்த ஆண்டு 2.6.19-இல் கிறிஸ் மேசன் ‘ஃப்ளஷ்’ என்ற நடுவழியைக் கொண்டுவந்தார். எழுதி மூடிய ஃபைலைத் தாமதிக்காமல் டிஸ்குக்குத் தள்ளும். அட்டவணையைத் துண்டுக்குத் துண்டு சித்திரவதை செய்யாது. யூடிஸ்க்ஸ் இன்றும் ஃபேட் டிரைவுகளை இந்த விருப்பத்தோடுதான் மவுன்ட் செய்கிறது. சூப்பர்மவுன்ட் கேட்ட கேள்விக்குக் கிடைத்த நல்ல பதில்களில் இது ஒன்று.

ஆனால் இன்று கடையில் வாங்கும் 64 ஜிபி, 128 ஜிபி டிரைவுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை 2019-இல் வெளியிட்டது. சாம்சங் எழுதிய தரமான டிரைவர் 2020-இல் 5.7 கெர்னலில் சேர்ந்தது. அதில் ஃப்ளஷ் விருப்பம் இல்லை. டிரைவ் பெரிதாகிவிட்டது, காப்பி செய்யும் ஃபைல்கள் பெரிதாகிவிட்டன, இருந்த ஒரு பாதுகாப்பும் போய்விட்டது.

டெஸ்க்டாப்பை விட்டு ஒரு படி விலகியவர்களின் பாடு இன்னும் மோசம். யூடிஸ்க்ஸின் இரண்டாம் தலைமுறை, டிரைவைச் செருகியவரின் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதை மற்றவர்கள் பார்க்காதபடி பூட்டுகிறது. அந்தரங்கத்துக்கு நல்லது. ஆனால் அதே டிரைவில் இருக்கும் படங்களை டிவிக்கு அனுப்பும் மீடியா சர்வர் தனிப் பயனர் கணக்கில் ஓடுகிறது. அதற்குக் கதவு சாத்தியிருக்கிறது. திரையே இல்லாத ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் யாரும் உள்நுழைந்து உட்காரவில்லை. எனவே யாருக்காகவும் மவுன்ட் ஆவதில்லை.

சரி, யூடெவ் விதியில் மவுன்ட் கட்டளையை நாமே எழுதிவிடலாம் என்று போனால் அங்கே ஒரு பொறி. கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இப்போது யூடெவை அதற்கென்று பிரிக்கப்பட்ட மவுன்ட் வெளியில் ஓடவிடுகிறது. கட்டளை வெற்றிகரமாக ஓடும், பிழை வராது, ஃபோல்டரைத் திறந்தால் காலி. மவுன்ட் நடந்தது யூடெவின் உலகத்துக்குள் மட்டும். டெபியனின் யூஎஸ்பிமவுன்ட் தொகுப்பு இதனாலேயே வேலை செய்யாமல் போனது. எஃப்எஸ்டேபில் எழுதலாம் என்றால், ‘நோஃபெயில்’ என்ற சொல்லைச் சேர்க்கத் தவறினால் டிஸ்க் இல்லாத நாளில் கணினி 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குள் போய் நிற்கும். ஒரு வெளி டிஸ்க் செருகவில்லை என்பதற்காக முழுக் கணினியும் எழ மறுப்பதை என்னால் இன்றும் ஏற்கமுடியவில்லை.

டிஸ்கை லினக்ஸுக்கே உரிய இஎக்ஸ்டி4-இல் வடிவமைத்தால் இன்னொரு வேடிக்கையற்ற சிக்கல். ஃபைலின் உரிமையாளர் பெயராக இல்லாமல் எண்ணாக டிஸ்கில் எழுதப்படுகிறது. ஃபெடோரா 15 வரை முதல் பயனரின் எண் 500. அதற்குப் பிறகு 1000. பழைய ஃபெடோராவில் எழுதிய பேக்கப் டிஸ்கைப் புதியதில் செருகினால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’. டிஸ்கும் அவருடையது, கணினியும் அவருடையது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளில் வேறு மாதிரி: விண்டோஸ் 8-இலிருந்து ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான். அந்த நிலையில் என்டிஎஃப்எஸ் டிஸ்கில் எழுத லினக்ஸ் மறுத்துவிடுகிறது. இதில் லினக்ஸ் செய்வதே சரி. மறுக்காமல் எழுதியிருந்தால் தரவு போயிருக்கும்.

இத்தனை ஆண்டுகளில் செருகும் பக்கம் மெருகேறியிருக்கிறது. உருவும் பக்கம் 1971-இன் நம்பிக்கையிலேயே நிற்கிறது: எடுப்பவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டே எடுப்பார். பென் டிரைவ் பயன்படுத்துபவர்களில் பலர் அப்படிச் சொல்வதில்லை, சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. விண்டோஸ் 10 தன் 1809 பதிப்பில் கழற்றும் டிஸ்குகளுக்கு ‘உடனே எடுக்கலாம்’ என்ற முறையையே இயல்பாக்கியது. வேகம் கொஞ்சம் குறையும், தரவு பிழைக்கும். அது சரியான தேர்வு.

லினக்ஸிலும் இதற்கான கருவி வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் வெளியான 6.2 கெர்னலில், நினைவகத்தில் காத்திருக்கும் தரவுக்கு ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியே வரம்பு வைக்கலாம். பெரிய சர்வருக்கும் பாதிப்பில்லை, உள் டிஸ்குக்கும் பாதிப்பில்லை. யூஎஸ்பி வழியாக வந்த டிஸ்குக்கு மட்டும் சில பத்து எம்பி என்று நிறுத்திவிடலாம். அப்போது பச்சைப் பட்டை ஏறக்குறைய உண்மையைச் சொல்லும். இதற்குத் தேவை சில வரிகள் கொண்ட ஒரே ஒரு யூடெவ் விதிக்கோப்பு. விநியோகங்களைத் தொகுப்பவர்கள் அதைப் பயனர் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல், நிறுவும்போதே சேர்த்து அனுப்ப வேண்டும். அதுவரை இதைப் படிக்கும் நீங்கள் எஜெக்ட் அமுக்கி, ‘இப்போது எடுக்கலாம்’ என்ற செய்தி வந்த பிறகே பென் டிரைவை எடுங்கள். நீங்கள் லினக்ஸ் நிறுவிக்கொடுக்கும் புதியவர்களுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள்.